கிரியேட்டினின் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கோ சென்னைக்கோ சிடி ஸ்கேனுக்குப் போகிறவரிடம், மருந்து ஏற்றிப் படம் எடுப்பதென்றால் ஸ்கேன் மையம் கேட்பது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் ரிப்போர்ட்டைத்தான். அந்த ஊசி கிட்னியைக் கெடுத்துவிடும் என்ற அச்சமே காரணம். அச்சம் பொய்யல்ல. ஆனால் அது பிறந்தது இன்றைய மருந்தைக் கண்டு அல்ல. நரம்பில் ஏற்றினால் சிறுநீரகம் வழியாக வெளியேறி, எக்ஸ்ரேயில் அதன் தடத்தைக் காட்டும் யூரோசெலக்டான் என்ற அயோடின் மருந்து 1929-இல் பெர்லினில் வந்தது. 1954-இல் டென்மார்க்கில், மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு இத்தகைய பரிசோதனைக்குப் பின் சிறுநீர் அடியோடு நின்றுபோனது பதிவானது. அடுத்த முப்பதாண்டுகள் புழங்கிய யூரோகிராஃபின் போன்ற மருந்துகளில், சிறுநீரகத்துக்குச் சுமையாகும் ஊடுபரவல் அழுத்தம் (நீரை இழுக்கும் வலு) இரத்தத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ஸ்வீடனின் டார்ஸ்டன் ஆல்மென் 1969-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த அயோஹெக்சால் என்ற மருந்தில் அது மூன்று மடங்குக்குள் அடங்கியது.

மருந்து மாறிய பிறகும் பழைய கணக்கு தொடர்ந்தது. ஸ்கேனுக்குப் பின் கிரியேட்டினின் ஏறினாலே பழி ஊசிமேல் விழுந்தது. ஊசி போடாதவர்களுக்கும் ஏறுகிறதா என்று பலர் பார்க்கவில்லை. 2008-இல் நியூயார்க்கில், அந்த ஊசியே போடப்படாத 32,161 மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிரியேட்டினின் 25 சதவீதமாவது மாறியிருந்தது. காய்ச்சலும் நீரிழப்பும் செய்த வேலைக்கெல்லாம் ஊசி பழி சுமந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் கூட்டாகச் சொன்னது இது: ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது, இ-ஜிஎஃப்ஆர் (கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன்) 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்களுக்கும்தான் சலைன் ஏற்றும் முன்காப்பு முக்கியமாகத் தேவை.

சர்க்கரையும் பிபியும் மலிந்த நம் ஊரில், தன் கிட்னியின் நிலை தெரியாதவர் ஏராளம்; எல்லாரிடமும் கேட்டால் என்ன என்பார்கள். கேட்கலாம், செலவும் குறைவு. கோளாறு, வந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதில் இருக்கிறது. 75 வயதுப் பாட்டிக்கும் 30 வயது இளைஞருக்கும் கிரியேட்டினின் ஒரே 1.4 என்று ரிப்போர்ட் வந்தால், பாட்டியின் இ-ஜிஎஃப்ஆர் 40-ஐ ஒட்டியும் இளைஞருடையது 70-ஐ ஒட்டியும் இருக்கும். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பினாலோ மருந்தில்லாமல் படம் எடுத்தாலோ, நுரையீரல் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டி கண்ணில் படாமலே போகலாம். அந்த இரத்தக்கட்டி உடனே உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே ரிப்போர்ட்டில் கிரியேட்டினினோடு இ-ஜிஎஃப்ஆரும் அச்சாக வேண்டும்; அவசர நோயாளிக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும், ஸ்கேன் மையத்தின் கவுன்ட்டர் அல்ல.