வைரஸுக்கு மருந்து கண்டவர் எம்.பி. ஆன கதை

பிளாப்பி டிஸ்க் காலத்துக்குக் கொஞ்சம் போவோம். பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் 1986ல் ஒரு வைரஸ் எழுதினார்கள். பெயர் 'பிரெய்ன்'. கூத்து என்னவென்றால், தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் அந்த வைரஸுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள்! பிளாப்பி பிளாப்பியாகத் தாவிய அது, 1988ல் தென் கொரியாவின் சியோல் நகரில் ஒரு மருத்துவ மாணவரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. அவர்தான் ஆன் சோல்-சூ.

அவர் அந்த வைரஸைப் பிரித்துப் பார்த்து, அதை நீக்க ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேக்சின்', அதாவது தடுப்பூசி. டாக்டர் புத்தி போகுமா? பின்னாளில் அதுவே 'வி3' ஆனது. பகலில் மருத்துவம், அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரை வைரஸ். இப்படியே ஏழு வருடங்கள் ஓட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். யாரிடமும் காசு வாங்கவில்லை. 1995ல் மருத்துவத்தை விட்டுவிட்டு 'ஆன்லேப்' நிறுவனத்தைத் தொடங்கிய பிறகும் தனிநபர்களுக்கு வி3 இலவசம்தான். 2005ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிப் படிக்கப் போனார், பிறகு பேராசிரியர் ஆனார்.

கொரிய இளைஞர்களுக்கு அவர் மீது அப்படி ஒரு மோகம் வந்ததற்குக் காரணம் இதுதான். அப்பா சொத்தில் வளர்ந்த பெரும் தொழில் குடும்பங்களையே பார்த்துச் சலித்திருந்தவர்களுக்கு, சொந்த மூளையால் சம்பாதித்து, அதிலும் பாதியை விட்டுக்கொடுக்கும் மனிதர் புதுசு. 2011ல் சியோல் மேயர் தேர்தலில் நிற்பார் என்று பேச்சு கிளம்பியதும் கருத்துக்கணிப்பில் சுமார் 50 சதவீத ஆதரவு! அவர் என்ன செய்தார் தெரியுமா? வெறும் 5 சதவீத ஆதரவு வைத்திருந்த பார்க் வொன்-சூனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். பார்க் ஜெயித்தும் விட்டார். 2012 ஜனாதிபதி தேர்தலில் களமிறங்கினார்; ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் மூன் ஜே-இன்னுக்காக விலகினார். இம்முறை மூன் தோற்றார்.

ஒருவழியாக 2013 ஏப்ரலில், சியோலின் நோவொன் பகுதி இடைத்தேர்தலில் சுமார் 60 சதவீத வாக்குகளோடு எம்.பி. ஆனார். அந்த இடம் ஏன் காலியானது என்பதையும் சொல்ல வேண்டும். சாம்சங் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட அரசு வழக்கறிஞர்களின் பெயர்களை வெளியிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, ரோ ஹோ-சான் என்ற எம்.பி. பதவி இழந்த தொகுதி அது. அவர் மனைவியும் போட்டியிட்டார். நேர்மையின் பெயரால் வந்தவர், அங்கே போய் நின்றது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

அப்புறம் சறுக்கல்தான். 2016ல் புதுக்கட்சி தொடங்கி, 300ல் 38 இடங்கள் பிடித்தார். 2017 ஜனாதிபதி தேர்தலில் 21 சதவீதத்தோடு மூன்றாம் இடம். கட்சி உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. 2022ல் தேர்தலுக்கு ஆறே நாள் இருக்கும்போது வலதுசாரி வேட்பாளர் யூன் சுக்-யோலுக்காக மீண்டும் விலகினார். யூன் ஜெயித்தது 0.73 சதவீத வித்தியாசத்தில். அதே ஆண்டு, ஆன்லேப் தலைமையகம் இருக்கும் பாங்யோ அடங்கிய தொகுதியில் யூன் கட்சி சார்பில் எம்.பி. ஆனார். பழைய ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள்.

2024 டிசம்பர் 3 இரவு யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. டிசம்பர் 7ல் பதவிநீக்கத் தீர்மானம். வாக்கெடுப்புக்கு முன்பே ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 108 பேரில் 107 பேர் எழுந்து வெளியேறத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டும் எழவில்லை. சுற்றிலும் காலி நாற்காலிகள், நடுவில் ஆன் சோல்-சூ தனியாக. வாழ்நாள் முழுக்க எழுந்து இடம் கொடுத்தே பழகியவர், அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் கட்சியினர் இருவர் திரும்பி வந்து வாக்களித்தார்கள். தேவை 200, விழுந்தது 195. தீர்மானம் செல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 14ல் மறு வாக்கெடுப்பு. ஆதரவு 204, எதிர்ப்பு 85. 2025 ஏப்ரல் 4ல் அரசியல் சாசன நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்த ஜனாதிபதி தேர்தலில் கட்சி நிறுத்தியதோ, பதவிநீக்கத்தை எதிர்த்த கிம் மூன்-சூவை. அவருக்காகவும் போய்ப் பிரசாரம் செய்தார் நம்ம டாக்டர்!