புனைந்த மொழியும் புனைந்த எழுத்தும்



பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கெலிஓயா. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கடைப் பலகைகளிலும், அரபெழுத்து பள்ளிவாசலிலும் காணப்படும் சூழல் அது. அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள லங்காதிலக விகாரை 1344 ஆம் ஆண்டிலே கட்டப்பெற்றது. அங்குள்ள பாறையிலே சிங்களச் சாசனமும் தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளன. இத்துணை எழுத்துகள் சூழ வாழும் இளைஞன், எந்த நாட்டிலும் வழங்காத கற்பனை மொழியொன்றின் எழுத்தைப் பயிலப் புகுந்தால், அது வீண் வேலை என்று பெரியோர் கூறுதல் இயல்பே. ஆயினும், அவன் செய்வது மிகப் பழைய செயலாகும்.

ஜேர்மனிய நாட்டுத் துறவியான ஹில்டெகார்ட் அம்மையார் 12 ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஆயிரம் சொற்களையும் 23 எழுத்துகளையும் தாமே படைத்தார். நம் இலக்கணமும் இதற்கு அண்மையானதொரு வழக்கை அறியும். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். மறைபொருளாய்ப் பேச விரும்பும் உள்ளம் மனிதரோடு உடன்பிறந்தது போலும்.

இக்காலக் கற்பனை மொழிகளுள் முதன்மையானவை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொல்கீன் படைத்தவை. கதைக்காக அவர் மொழியைச் செய்தாரல்லர். மொழிக்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதையைப் புனைந்ததாக அவரே கூறினார். அவர் வகுத்த 'தெங்வார்' எழுத்தில் உருவமும் ஒலியும் இயைந்து நிற்கும். உதட்டில் பிறக்கும் ஒலிகள் ஓரினமாகவும், பல்லில் பிறப்பவை மற்றோரினமாகவும் வரிசை பெறும். எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியத்துப் பிறப்பியலிலே கற்ற தமிழ் மாணவனுக்கு இம்முறை புதிதன்று. கற்பனை எழுத்தைப் பயில்பவன் தன் தாய்மொழியின் ஒலியமைப்பையே மீண்டும் உற்று நோக்குகிறான்.

தமிழுலகிலும் இம்முயற்சி நிகழ்ந்துள்ளது. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தில் வரும் காலகேயர் பேசுவதற்காகக் கவிஞர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்னும் மொழியை ஆக்கினார். படத்திற்கென ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அமைந்தன. பின்னர் 2020 இல் எழுத்தும் வகுத்து, இணையத்தின் வழியே கற்பிக்க முற்பட்டார்.

இத்தகைய மொழிகள் நிலைபெறுவது எதனால்? 1985 இல் கிளிங்கொன் மொழிக்கு மார்க் ஓக்ரண்ட் அகராதி வெளியிட்டார். அன்பர்கள் பின்பு 'ஹாம்லெட்' நாடகத்தையும் அம்மொழியிற் பெயர்த்தனர். படிப்பதற்கு நூலும், பேசுவதற்குத் துணையும் கிடைத்தமையால் அது உயிர் பெற்றது.

இவ்வுண்மையின் மறுபக்கத்தைக் காண நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. தமிழை அரபெழுத்திலே எழுதும் அறபுத்தமிழ், தமிழக முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் வழங்கிய எழுத்துமுறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டி முன்னோர் அதனை வகுத்தனர். 1898 இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதிலே அரிய நூல்களை இயற்றினர். அது விளையாட்டன்று; வழிபாட்டையும் மருத்துவத்தையும் இல்லறத்தையும் சுமந்த எழுத்து. ஆயினும், பள்ளிக்கூடங்களில் தமிழெழுத்து பரவவே அதன் வழக்குச் சுருங்கிற்று. பாட்டனார் ஓதிய நூலைப் பேரன் திறந்து பார்த்தும் படிக்கமாட்டாத நிலை பல இல்லங்களில் நேர்ந்துள்ளது.

ஆகவே, கற்பனை எழுத்தைப் பயிலும் இளைஞரைக் கடிந்து தடுத்தல் வேண்டா. இல்லாத உலகின் 30 எழுத்துகளைச் சில நாட்களிற் கற்கும் கூர்மை உடையவர், தம் வீட்டுப் பெட்டியிலுள்ள அறபுத்தமிழ் ஏட்டையோ, லங்காதிலகப் பாறையிலுள்ள பழந்தமிழ் எழுத்தையோ கற்க வல்லவரே. அவருக்கு வேண்டுவது அறிவன்று, ஆவல். அவ்வாவலைக் கற்பனை மொழி மூட்டிவிட்டது. அதனைத் திசைகாட்டி நடத்துதல் நம் கடன்.