அடிவரியின் சாட்சி: புதுச்சேரி ‘இந்தியா’வும் எல்லை கடந்த உக்ரைனிய இதழ்களும்

மூலக்குளத்தில் பேருந்து ஏறி விழுப்புரம் சாலையில் போகிறவர் வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். இன்னும் கொஞ்ச தூரத்தில் திருபுவனை வந்ததும் மறுபடி புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஒரே ஏரித் தண்ணீர், ஒரே பேச்சு, கொண்டும் கொடுத்தும் கலந்த உறவுகள். நடுவில் மட்டும் ஒரு கோடு. 1908-இல் அந்தக் கோட்டின் ஒருபுறம் பிரெஞ்சுக் குடியரசு, மறுபுறம் பிரிட்டிஷ் பேரரசு. வயலில் நிற்பவனுக்கு அது பெரிய வேறுபாடாகத் தோன்றியிராது. அச்சிட்ட தாளுக்கோ அது உயிர் போகும் வேறுபாடு. இங்கே சட்டப்படி வெளிவந்த வார இதழ், கோட்டைத் தாண்டியதும் பறிமுதலுக்குரிய பொருளாகலாம்.

அந்த வார இதழ் ‘இந்தியா’. அதன் வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட்டுவிட்டது. ரா.அ. பத்மநாபனின் ‘சித்திர பாரதி’ (1957) தொடங்கி, இளசை மணியன், சீனி. விசுவநாதன், ஆ.இரா. வேங்கடாசலபதி ஆகியோரின் தேடல்கள் வரை நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம் பெரிது. அதைத் திரும்பச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. அச்சுக்கும் தேசத்துக்கும் உள்ள உறவைப் பற்றி நம் ஆய்வுலகில் கேள்வியின்றி நிலைத்துவிட்ட ஒரு வாசிப்போடு எனக்குள்ள முரண்பாட்டைச் சொல்வதே நோக்கம். அது பெனடிக்ட் ஆண்டர்சன் 1983-இல் வெளியிட்ட கற்பிதச் சமூகங்கள் பற்றிய நூலின் வாசிப்பு.

1

ஆண்டர்சனின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிடுவதே நியாயம். தேசம் என்பது ஒருவரையொருவர் நேரில் காணாத மனிதர்கள் மனத்தால் கட்டிக்கொள்ளும் உறவு. அந்த உறவுக்கு வழி திறந்தது அச்சு முதலாளியம். இலத்தீன் படித்தவர்களின் சிறிய சந்தை நிரம்பியதும், நூல் வணிகம் இலாபம் தேடி வட்டார மொழிகளை நோக்கித் திரும்பியது. அவ்வாறு உருவான அச்சுமொழிகள், பேச்சு வழக்குகளுக்கு மேலே ஒரு பொதுத் தளத்தை அமைத்தன. அந்தத் தளத்தில் தினம் நடக்கும் சடங்குதான் செய்தித்தாள் வாசிப்பு. ஒருவன் காலையில் தனியே அமர்ந்து தாளை விரிக்கிறான். தன்னைப் போல் ஆயிரக்கணக்கானோர் அதே நேரத்தில் அதே தாளை விரித்திருப்பார்கள் என்பதை அறிந்திருக்கிறான். முகம் தெரியாத அவர்களே அவனுடைய நாட்டார்.

இந்த வாதம் தமிழ் ஆய்வாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. தமிழ் இதழியல் வரலாற்றை எழுத வந்த பலரும் ‘சுதேசமித்திர’னிலிருந்து ‘இந்தியா’ வரை எல்லா இதழ்களையும் இந்தக் கயிற்றில் கோத்தார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் படித்தேன். என் கருத்து மாறியது உக்ரைனிய இதழ்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு.

ஆண்டர்சன் உக்ரைனைத் தொடுகிறார். வரலாற்றாசிரியர் சீட்டன்-வாட்சனின் துணையோடு சில ஆண்டுகளை அடுக்குகிறார்: கொட்லியரெவ்ஸ்கியின் அங்கதக் காவியம், கார்கிவில் 1804-இல் பல்கலைக்கழகம், 1819-இல் முதல் இலக்கணம், பின்னர் ஷெவ்சென்கோவின் கவிதை, 1846-இல் கீவில் முதல் தேசிய அமைப்பு. மொழி, இலக்கணம், கவிதை, தேசம் என்று படிப்படியாக ஏறும் ஏணி அது. ஏணி 1846-இல் நிற்கிறது. உக்ரைனிய அச்சின் உண்மையான சோதனை தொடங்கியதோ அதற்குப் பிறகுதான்.

2

1863-இல் ருஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் விடுத்த சுற்றறிக்கை, பொதுமக்களுக்கான நூல்களையும் சமய, பாட நூல்களையும் உக்ரைனிய மொழியில் அச்சிடுவதற்குத் தடை போட்டது. 1876-இல் ஜெர்மானிய நீரூற்று நகரமான எம்ஸில் தங்கியிருந்த ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் ஒப்பமிட்ட ஆணை இன்னும் கடுமையானது. அதன் நாள் பழைய நாட்காட்டிப்படி மே 18, புதிய நாட்காட்டிப்படி மே 30. வெளிநாட்டில் அச்சான உக்ரைனிய நூல்களைத் தனி அனுமதியின்றி உள்ளே கொண்டுவரக் கூடாது. சொந்தப் படைப்பும் மொழிபெயர்ப்பும் அச்சேறக் கூடாது. நாடகமும் மேடைப் பாட்டும்கூடக் கூடாது. விலக்கு பெற்றவை வரலாற்று ஆவணங்களும், முன் அனுமதி பெற்ற கதை கவிதைகளும் மட்டுமே. அந்தக் கதை கவிதைகளையும் ருஷ்ய எழுத்துமுறையில்தான் அச்சிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை முன் சற்று நிற்க வேண்டும். உக்ரைனிய நெடுங்கணக்கில், தலையில் இரண்டு புள்ளிகளைத் தாங்கி நிற்கும் எழுத்து ஒன்று உண்டு. ‘யி’ என்று ஒலிப்பது. ருஷ்ய நெடுங்கணக்கில் அது இல்லை. ஆணைக்குப் பின் ஜாரின் நிலத்தில் அச்சான உக்ரைனியப் பக்கங்களில் அந்த எழுத்துக்கு இடமில்லை. அதே ஆண்டுகளில் எல்லைக்கு மேற்கே, ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில், லிவீவ் நகரத்து அச்சுக்கூடங்களில் அது தடையின்றி அச்சானது. ஆகவே ஒரு தாளை வாங்கிப் புரட்டியவருக்கு, அது எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது என்று சொல்ல இரண்டு புள்ளிகள் போதும். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இடாத வழக்கத்தால் நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, ஒரு புள்ளி எவ்வளவு சுமக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே அது பாடவேறுபாட்டையும் தாண்டி, ஓர் எல்லைக் கல்லாகவே நின்றது.

லிவீவின் அச்சு எப்படி நடந்தது? 1873-இல் அங்கே ஷெவ்சென்கோ கழகம் தோன்றியபோது அதன் முதன்மைத் தேவை ஓர் அச்சுக்கூடம். அதற்கான பணத்தின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்து, உக்ரைனிய அச்சு நெருக்கப்பட்ட ருஷ்யப் பக்கத்திலிருந்து வந்தது. கொடுத்தவர்களுள் முதன்மையானவர் பொல்தாவாவின் நிலவுடைமைச் சீமாட்டி யெலிசவெட்டா மிலொராடொவிச். ‘ஸோரியா’ (1880–1897) இதழிலும், அதன் இடத்தில் 1898-இல் வரலாற்றாசிரியர் ஹ்ருஷெவ்ஸ்கியும் எழுத்தாளர் இவான் ஃபிராங்கோவும் முன்னின்று நடத்திய இலக்கிய அறிவியல் திங்களிதழிலும், எழுதியவர்கள் பலர் அந்தப் பக்கத்தவர்கள். பணம் கிழக்கே, அச்சு மேற்கே, எழுத்து இருபுறமும். இலாபம் தேடும் நூல் வணிகன் இந்தப் படத்தில் எங்கே நிற்கிறான்?

1905-இன் புரட்சிக்குப் பின் தடை தளர்ந்தது. கீவில் முதல் உக்ரைனிய நாளிதழின் முதல் இதழ் பழைய கணக்கில் 1905 டிசம்பர் 31-ஆம் நாள் வந்தது. புதிய கணக்கில் 1906 ஜனவரி 13. எந்த ஆண்டில் அதைப் பதிவது என்பதில் நூலடைவுகள் இன்றும் ஒன்றுபடவில்லை; ஒன்றுபட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதன் தொடர்ச்சியாக வந்த ‘ராடா’ நாளிதழ் (1906–1914) தடை நீங்கிய சந்தையில்தான் நடந்தது. ஆயினும் சந்தாவால் அது பிழைக்கவில்லை. ஆண்டுதோறும் நட்டத்தைத் தாங்கியவர்கள் யெவ்ஹென் சிகலென்கோ, வசில் சிமிரென்கோ போன்ற புரவலர்கள்.

3

இனி நம் பக்கம். 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’, பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். எழுத்துக்குப் பொறுப்பு பாரதி. பணமும் உழைப்பும் மண்டயம் குடும்பத்தாருடையவை. சட்டத்தின் முன் ஆசிரியராகப் பதிவானவரோ மு. சீனிவாசன். 1908-இல் அரசு பாய்ந்தபோது கைதாகித் தண்டனை பெற்றவர் சீனிவாசனே. எழுதியவர் புதுச்சேரி சேர்ந்தார். பதிவில் இருந்தவர் சிறை சேர்ந்தார். பாரதி வந்த நாளை ஆகஸ்ட் இறுதி என்பாரும் செப்டம்பர் தொடக்கம் என்பாரும் உண்டு. அதை இங்கே தீர்க்க முயலவில்லை. அக்டோபரில் இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது என்பதே நமக்கு வேண்டியது.

ஒவ்வொரு இதழிலும் நாம் பார்க்காமலே கடந்துபோகும் வரி ஒன்று இருக்கிறது: யார் அச்சிட்டார், எங்கே அச்சிட்டார் என்று சொல்லும் அடிவரி. பிரிட்டிஷ் இந்தியாவின் 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அதைக் கேட்டது. பிரான்சின் 1881 ஜூலை 29-ஆம் நாள் பத்திரிகைச் சட்டமும் அதைக் கேட்டது. அந்தச் சட்டம் தன் கடைசிப் பகுதியில் குடியேற்ற நாடுகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. கேட்பது ஒரே வரி. அதன் உட்பொருள் வேறு. பிரெஞ்சுச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டாம், காப்புத்தொகை வேண்டாம். ஓர் அறிவிப்பு தந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு இதழுக்கும் ‘ழெரான்’ எனப்படும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பிரெஞ்சுக்காரராக, குடியுரிமைகள் உள்ளவராக இருக்க வேண்டும். வெளியாகும் ஒவ்வொரு இதழிலும் அவர் ஒப்பமிட்ட படிகளை அரசு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த அகதி எவரும் தம் பெயரில் மட்டும் இங்கே இதழ் நடத்த முடியாது. புதுச்சேரி மண்ணில் பிரெஞ்சுக் குடிமகனாகிய உள்ளூர்த் தமிழன் ஒருவன் சட்டத்தின் முன் முதுகு கொடுத்தாக வேண்டும். நம் இதழியல் வரலாறு கவிஞரையும் முதலாளியையும் பாடியது. அடிவரியில் பெயர் தந்த உள்ளூர்க்காரரை அது கணக்கில் எடுக்கவில்லை. சென்னையில் அதே அடிவரி ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய நினைவு ஆறுவதற்குள், இங்கே ஒருவர் அந்த இடத்தில் நிற்கச் சம்மதித்தார் என்பதை எளிய செய்தியாகக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

முழக்கமும் அப்படித்தான். சென்னையில் அந்த மூன்று சொற்கள் அரசை நோக்கிய அறைகூவல். புதுச்சேரியில் அவையே அரசின் சொற்கள். அரசாங்கத் தாள்களின் தலைப்பில் இருப்பவை. ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் புரண்டுவிட்டது. உக்ரைனில் எல்லையைக் காட்ட எழுத்து மாறியது. இங்கே எழுத்து மாறாமலே எல்லை தெரிந்தது.

4

இனி என் வாதத்தின் மெலிந்த பகுதி. அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். ‘இந்தியா’ ஏன் 1910 மார்ச்சில் நின்றது? வாசகர் குறைந்ததால் என்று யாரும் சொல்லவில்லை. பாரதியின் எழுத்து தளர்ந்ததாலும் இல்லை. அதற்கு முந்திய மாதம், பிப்ரவரி 1910-இல், பிரிட்டிஷ் இந்தியாவில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. அச்சகம் வைக்க 500 முதல் 2,000 ரூபாய் காப்புத்தொகை என்ற அதன் பிரிவு நம் இதழைத் தொடாது. அச்சகம் பிரெஞ்சு மண்ணில் இருந்தது. தொட்டவை அஞ்சலிலும் சுங்கத்திலும் தாளைத் தடுத்துவைக்கும் பிரிவுகள். புதுச்சேரியிலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் அஞ்சலகம் ஒன்று இயங்கியது. வாசகர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு அப்பால் இருந்தார்கள். இதழ் போன அதே வழியில்தான் சந்தாப் பணம் திரும்பி வர வேண்டும். 1879 முதல் ஓடிய விழுப்புரம் இரயிலும் வில்லியனூரைத் தாண்டியதும் பிரிட்டிஷ் மண்ணில்தான் ஓடியது. வழியை அடைத்தால் போதும். எழுத்தையோ அச்சையோ தொட வேண்டியதில்லை.

சட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே இருக்கும் அந்த ஒரு மாத நெருக்கம் காரணத்தை நிறுவாது, சுட்டவே செய்யும் என்று ஒருவர் மறுக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். தடுப்பு அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். 1878-ஆம் ஆண்டுக் கடல் சுங்கச் சட்டமே அதற்குப் போதுமானது. பண நெருக்கடியும் சேர்ந்திருக்கலாம். ஆனால் பண நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை மறுபடி அந்த அடைபட்ட வழிக்கே நம்மைக் கொண்டுபோகிறது.

ஆண்டர்சனின் வாசகன் இங்கேதான் பொருந்தாமல் போகிறான். தடை செய்யப்பட்ட இதழை ஊரார் எல்லோரும் ஒரே காலையில் விரிப்பதில்லை. அது தாமதித்து வருகிறது. சில வாரம் வராமலே போகிறது. வந்த ஒரு படி பல கைகளுக்குப் போகிறது. அதைப் பிடித்திருப்பவன் தன்னைப் போன்ற ஆயிரம் பேரைக் கற்பனை செய்வதற்கு முன், தன்னிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்த ஒரு கையை நினைக்கிறான். ஒரே நேரத்தில் படிப்பதால் பிறக்கும் உறவு ஒன்று. ஆபத்தைப் பகிர்வதால் பிறக்கும் உறவு இன்னொன்று. லிவீவின் தாளைக் கீவில் படித்தவனுக்கும், புதுச்சேரியின் தாளைத் திருநெல்வேலியில் படித்தவனுக்கும் உரியது இந்த இரண்டாவது.

ஆண்டர்சன் இதை அறியாதவர் என்று சொல்லமாட்டேன். 2005-இல் வந்த அவருடைய நூலில், பெர்லினில் அச்சாகி மணிலாவுக்குப் போன பிலிப்பினோ எழுத்தாளர் ரிஸாலின் நாவலையும், ஸ்பெயினில் நடந்த பிலிப்பினோ இதழையும் கண்ணும் கருத்துமாகப் பின்தொடர்கிறார். அந்தப் பிந்திய ஆண்டர்சனை வைத்து முந்திய ஆண்டர்சனைத் திருத்தும் வேலை நம்முடையது. தமிழில் நாம் எடுத்தாள்வது பெரும்பாலும் முந்தியவரை மட்டுமே.

5

இரண்டு வரலாறுகளும் ஓரிடத்தில் பிரிகின்றன; அதை மறைக்கக் கூடாது. ஹ்ருஷெவ்ஸ்கி தம் திங்களிதழை 1907-இல் லிவீவிலிருந்து கீவுக்கே கொண்டுசேர்த்தார். அயல்மண்ணில் வளர்ந்த இதழ் வீடு திரும்பியது. ‘இந்தியா’வுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1914 ஆகஸ்டில் புதுச்சேரியில் தொடங்கிய அரவிந்தரின் ‘ஆர்யா’ 1921 வரை நடந்தது. அது அரசியலை விட்டு மெய்யியலைப் பேசிய இதழ். ஆகவே பிரெஞ்சு மண் மட்டும் ஓர் இதழைக் காத்துவிடும் என்ற வழக்கமான கூற்றையும் நாம் குறைத்தே சொல்ல வேண்டும். மண் அச்சுக்கு இடம் தந்தது, வழிக்குப் பொறுப்பேற்கவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். புதுச்சேரியிலிருந்து பாரதி நடத்திய ‘விஜயா’ நாளிதழின் படிகள் நம் ஊர்களில் ஏறத்தாழ அழிந்துபோயின. வேங்கடாசலபதி பலவற்றைப் பாரீசில் கண்டெடுத்து 2004-இல் நூலாக்கினார். ஒப்பமிட்ட படியை ஒப்படைக்கச் சொன்ன அந்த 1881-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இந்தப் பிழைத்தலுக்கும் தொடர்பு உண்டா என்பது ஆராயத்தக்கது. உண்டு என்று நிறுவப்பட்டால், காவலுக்காகக் கேட்ட படியே கருவூலமாயிற்று என்று சொல்லலாம். நிறுவப்படும்வரை இது என் ஊகமாகவே இருக்கட்டும்.

இதழ் வரலாறு எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. தலையங்கத்துக்குப் போகுமுன் அடிவரியைப் படியுங்கள். அங்கே ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் எந்தச் சட்டத்தின் முன் நின்றார், அந்த முகவரியிலிருந்து தாள் எந்த வழியில் வாசகனிடம் போனது, பணம் எந்த வழியில் திரும்பியது என்று கேளுங்கள். கண்டமங்கலத்துக்கும் திருபுவனைக்கும் நடுவில் சில நிமிடங்களில் நாம் கடந்துவிடும் கோட்டை, ஒரு தமிழ் வார இதழால் கடைசிவரை கடக்க முடியாமல் போனது. தேசத்தைக் கற்பனை செய்தவர்களைப் பற்றி எழுதும்போது, அந்தக் கோட்டில் பெயர் கொடுத்து நின்றவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.