இருதயப் புனர்வாழ்வில் நீர், நறுமணச் சிகிச்சைகள்

மாரடைப்புக்குப் பிந்திய புனர்வாழ்வில், மருந்துக்கும் தேகப்பயிற்சிக்கும் மாற்றாக அன்றித் துணையாக மட்டும் கைக்கொள்ளத்தக்க முறைகள் இவை. ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆகஸ்ட் ஷோட், தியோடர் ஷோட் என்னும் சகோதரர், கரியமிலவாயு கலந்த உவர் ஊற்றுநீர் ஸ்நானத்தையும் மிதமான அப்பியாசத்தையும் இணைத்து இருதய நோயாளருக்கு வகுத்த சிகிச்சை உலகப் பிரசித்தி பெற்றது. அவ்வாயு சருமத்தின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ஆயினும், கழுத்தளவு நீரில் அமிழ்கையில் கால்களின் ரத்தம் மார்பை நோக்கிப் பெயர்ந்து இருதயத்தின் சுமையைக் கூட்டுமாதலின், சமீபத்தில் மாரடைப்புற்றோர் வைத்தியர் அனுமதியின்றி இதில் இறங்கலாகாது. பிரெஞ்சு ரசாயன நிபுணர் கட்ஃபோஸே 1937இல் வெளியிட்ட நூலால் பெயர்பெற்ற நறுமணச் சிகிச்சையில், லாவெண்டர் தைலத்தை முகர்தல் மனக்கலக்கத்தைச் சற்றே தணிக்கக்கூடுமெனினும், மறு மாரடைப்பைத் தடுக்க அது வல்லதென்பதற்கு நிரூபணம் இல்லை.