விழுவதற்கு ஒரு சுவர்

மலையேற்றம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சிகரமும் பனியும் கயிறும். இம்மூன்றும் இல்லாத ஓர் ஏற்றம் இன்று உலகின் பல நகரங்களில் அரங்குகளுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. நான்கு மீட்டர் அளவே உயரமுள்ள சுவர், அதில் திருகி வைத்த வண்ண வண்ணப் பிடிகள், கீழே தரை முழுவதும் கனத்த மெத்தை. கயிறின்றி ஏற வேண்டும். தவறினால் மெத்தையில் விழ வேண்டும். 'போல்டரிங்' என்று இதற்குப் பெயர். பாறாங்கல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. விடுமுறை நாளில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லும் நாம், இதுவும் புதிதாக முளைத்த ஒரு கேளிக்கை என்று எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் இதன் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மனிதர் எவ்வளவு உயரம் ஏறினர் என்பதைக் காட்டிலும், விழுதலை எவ்வாறு தமக்கு இணக்கமாக்கிக்கொண்டனர் என்பதையே அவ்வரலாறு பேசுகிறது எனலாம்.

பாரிஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தேன்ப்ளோ காடு உள்ளது. மணலும் மரங்களும் சூழ்ந்த அந்நிலத்தில் மணற்பாறைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒரு வீட்டின் உயரம்கூட இல்லாதவை. ஆல்ப்ஸ் மலைக்குச் செல்ல முடியாத நாட்களில் பாரிஸ் நகரத்து மலையேறிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே இங்கு வந்து பழகினர். 1935இல் ஆல்ப்ஸின் பெத்தி துரு சிகரத்தை அதன் வடமுகத்தின் வழியே ஏறிய பியர் அலேன் இக்காட்டில் உருவானவர். வழவழப்பான ரப்பர் அடியுடைய ஏறுகாலணியை வடிவமைத்தவரும் அவரே. இன்று அரங்கின் வாயிலில் குழந்தைகளுக்கு வாடகைக்குத் தரும் காலணிகள் அந்த மரபில் வந்தவை.

ஆனால் அக்காலத்தில் பாறாங்கல் ஏற்றம் ஒத்திகையாகவே கருதப்பட்டது. நாடகம் வேறிடத்தில் நடப்பதாக எல்லாரும் நம்பினர். அந்த நம்பிக்கையை மாற்றியவருள் முதன்மையானவர் ஜான் கில் என்னும் அமெரிக்கர். கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர் இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். அக்கலையில் கைவியர்வையைப் போக்கப் பயன்படும் மக்னீசியம் கார்பனேட் பொடியை 1950களில் பாறைக்குக் கொண்டுவந்தார். எட்டாத பிடியைத் தாவிப் பற்றும் அசைவுகளையும் பழக்கப்படுத்தினார். 1969இல் அமெரிக்க ஆல்பைன் கழகத்தின் ஆண்டிதழில் எழுதிய கட்டுரையில், இதனை மலையேற்றத்தின் சிறு பிள்ளையாக அன்றித் தனியொரு கலையாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார். சிகரத்தை அடைவது இங்கே பெரிதில்லை. பின்புறமாக நடந்தே மேலே போய்விடக்கூடிய பாறைகளும் உண்டு. எந்த வழியில், எந்த அசைவில் ஏறுவது என்பதே கேள்வி. செய்யுளுக்கு யாப்பு எப்படியோ, அப்படியே இதற்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

பாறை கூரைக்கடியில் வந்த கதை இதற்கு இணையாக நடந்தது. இதில் நம் கவனத்துக்குரிய செய்தி, அமெரிக்காவின் தொடக்ககாலச் செயற்கைப் பாறைகளுள் ஒன்று சிறுவர்களை முன்னிட்டே கட்டப்பட்டது என்பதாகும். சியாட்டில் நகரில், சாரண இயக்கத் தலைவரும் மலை வழிகாட்டியுமான கிளார்க் ஷுர்மன் வடிவமைக்க, பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ் 1939இல் ஒரு பாறை கட்டி முடிக்கப்பட்டது. மலையில் எதிர்ப்படும் பலவகைச் சிக்கல்களையும் ஒரே இடத்தில் சிறுவர் பழக வேண்டும் என்பது அவர் நோக்கம். 1964இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் டான் ராபின்சன் ஒரு நடைவழியின் செங்கற்சுவரில் கற்களைப் பதித்து ஏறுசுவராக்கினார். வாடையிலும் மழையிலும் பயிற்சி தடைப்படாதிருக்க ஒரு நடைவழியே போதுமாயிற்று. 1987இல் அதே சியாட்டிலில் அமெரிக்காவின் முதல் வணிக ஏற்ற அரங்கு திறக்கப்பட்டது.

இவ்வரங்குகளில் குழந்தைக்கு முதலில் கற்பிக்கப்படுவது ஏறுதல் அன்று, விழுதல். இரு பாதங்களும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், கைகளை மார்போடு சேர்த்துப் பின்னே உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். மெத்தை எத்தனை கனமானாலும் காயம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இன்னொரு விதியும் உண்டு: ஏறுபவருக்கு நேர்க்கீழே யாரும் நிற்கக் கூடாது. பெற்றோராகிய நமக்குக் கடினமானது இந்த இரண்டாம் விதிதான். கை நீட்டித் தாங்கிப் பழகிய நாம், விழும் இடத்தை விட்டு விலகி நின்று, அது விழுவதைப் பார்க்க வேண்டும். நடை பழகிய நாளுக்குப் பின் இப்படியொரு விலகல் நம்மிடம் கோரப்படுவது அரிது.

எனினும் இச்சுவர் எல்லாக் குழந்தைகளுக்கும் நியாயமானது என்று கூறிவிட முடியாது. பாறையை இயற்கை அமைத்தது. சுவரில் பிடிகளை அமைப்பவர் ஒரு மனிதர், பெரும்பாலும் வளர்ந்த உடலை மனத்தில் கொண்டவர். ஃபோந்தேன்ப்ளோவில் 1940களிலிருந்து பாறைகளில் வண்ணக் குறியிட்டுச் சுற்றுப்பாதைகள் வகுத்தபோது, வெள்ளைக் குறியைச் சிறுவருக்கென ஒதுக்கினார்கள். அந்த அக்கறை எல்லா அரங்குகளிலும் இருப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 154 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜப்பானிய வீராங்கனை அய் மோரி, முதற்சுவரின் தொடக்கப் பிடியையே எட்ட முடியாமல் மீண்டும் மீண்டும் தாவினார். கயிற்றேற்றத்தில் யாவரினும் மிகுந்த புள்ளி பெற்றும் நான்காம் இடமே அவருக்கு வாய்த்தது. மறுபுறம், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஒரு பாறையில் ஆறு வயதில் ஏறத் தொடங்கிய அஷிமா ஷிராய்ஷி, 2016இல் தம் 14ஆம் வயதில் ஜப்பானில் ஏறிய ஒரு பாறை, அதுவரை எந்தப் பெண்ணும் ஏறியிராத கடுமை உடையது. சிறிய உடல் குறையுடைய உடல் அன்று. அது வேறொரு வழியைக் கேட்கும் உடல்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் போல்டரிங்குக்குத் தனிப் பதக்கம் என்று முடிவாகியுள்ளது. ஒத்திகை என ஒதுக்கப்பட்டது அரங்கேறிவிட்டது என்றே கொள்ளலாம். இதனால் இழப்பும் உண்டு. காட்டுப் பாறையை மூன்று தலைமுறையினர் ஏறி, ஒரே பிடியில் விரல் வைத்திருப்பர். அரங்கின் பிடிகளோ சில வாரங்களில் கழற்றப்பட்டு வேறிடத்தில் பொருத்தப்படும். இன்று தோற்ற சுவர் அடுத்த மாதம் இராது.

ஆயினும் குழந்தைகள் இதற்காக வருந்துவதாகத் தெரியவில்லை. ஒரே நிறப் பிடிகளை மட்டுமே பற்ற வேண்டும் என்னும் விதியையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. கைக்கு எட்டிய நிறத்தையெல்லாம் பற்றி மேலேறுகிறார்கள், குதிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே மறுபடி ஏறுகிறார்கள். பாறாங்கல் ஏற்றம் ஒரு பயிற்சியாவதற்கும், கலையாவதற்கும், போட்டியாவதற்கும் முன்னர் இப்படியொரு விளையாட்டாகவே இருந்திருக்க வேண்டும். அதை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மெத்தையின் ஓரத்தில் நிற்கக் கற்றுக்கொண்டால் போதும்.