நடுவரின் அட்டைத் திரை பிறந்த கதை

தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. அங்கே உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம், சீனப் போர் முடிந்த கையோடு, 1963ல் தொடங்கப்பட்டது. இத்தகைய ராணுவப் பயிற்சியில் மணலால் மலையும் ஆறும் செய்துவைத்து, எதிரி பாலத்தைப் பிடித்துவிட்டான், இப்போது என்ன செய்வாய் என்று கேட்கும் வழக்கம் உண்டு. பயிற்சி பெறுபவர் சொன்னது எடுபடுமா எடுபடாதா என்று தீர்ப்பவர் பயிற்றுநர். இன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடும் இளைஞர்களின் கேம் மாஸ்டரும் இந்தப் பயிற்றுநரும் ஒரே வம்சம்.

அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு கதாபாத்திரம். கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேம் மாஸ்டர் மட்டும் தன் முன்னால் ஒரு மடிப்பு அட்டையை நிறுத்திக்கொண்டு அதற்குப் பின்னால் உருட்டுவார். அரக்கனுக்கு 20 விழுகிறது. ஆறு மாதமாக ஒருத்தி ஆசையாக வளர்த்த வீராங்கனை செத்தாக வேண்டும். அவரோ, “எட்டுதான், தப்பிச்சிட்டே” என்கிறார். இது கருணையா, போங்கா? இந்தச் சண்டை ஓயவே இல்லை. அட்டை எப்படி வந்தது என்று பார்த்தால் எனக்கு விடை கிடைக்கிறது.

பிரஷ்யப் படையின் இளம் லெப்டினன்ட் ஃபான் ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செப்பனிட்டு 1824ல் அதன் விதிகளை நூலாக வெளியிட்டார். 1:8000 அளவுள்ள வரைபடம், படைகளுக்குச் சிறு கட்டைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர். இரு தரப்பும் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்கும். அவர் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்வார். எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தால்தான் அவன் கட்டைகள் வரைபடத்தில் ஏறும். மறைக்க வேண்டிய தேவை அங்கேதான் பிறந்தது. மறைத்தது படை நிற்கும் இடத்தை. படைத் தலைமையகத்தின் தலைவர் முஃப்ளிங் ஆட்டத்தைப் பார்த்து வியந்து, படை முழுவதும் இதைப் பழக வேண்டும் என்று பரிந்துரைத்தார். ரைஸ்விட்ஸ் அந்தப் புகழோடு வாழவில்லை. 1827ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் ஊர்ந்தது. 1876ல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், போரை அறிந்த நடுவர் தீர்ப்புச் சொன்னால் போதும் என்று எழுதினார். பகடையை மீறும் உரிமை நடுவர் கைக்கு வந்தது இப்படித்தான். ஒன்றைக் கவனியுங்கள்: பகடையை உருட்டிவிட்டு எண்ணை மாற்றிச் சொல் என்று அவர் சொல்லவில்லை. மேசையிலிருந்தே எடுத்துவிட்டார். முடிவு யாருடையது என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

பிறகு கதை அமெரிக்கா போகிறது. சார்ல்ஸ் டாட்டன் என்ற ராணுவ அதிகாரியின் ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற போர் விளையாட்டு நூலைப் படித்த டேவிட் வெஸ்லி, 1969ல் மினசோட்டாவில் ஊர் மேயர், மாணவர் தலைவன் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதை ஆடிய டேவ் ஆர்னசன் தன் பங்குக்கு ஒரு மாய உலகைக் கட்டினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974ல் வெளியிட்டதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதல் அச்சு ஆயிரம் பெட்டிகள்.

அட்டைத் திரை கடைக்கு வந்தது 1977ல். இல்லினாய் மாநிலத்தின் ‘ஜட்ஜஸ் கில்ட்’ நிறுவனம் அதை வெளியிட்டது. அடிக்கடி பார்க்க வேண்டிய அட்டவணைகள் நடுவர் பக்கம் அச்சாகியிருக்கும், அவருடைய வரைபடமும் மறைந்திருக்கும். நல்ல பயன்தான். ஆனால் பகடையும் அதே பக்கம் போய்விட்டது. 1979ல் கைகாக்ஸ் தன் நடுவர் கையேட்டில், பகடையை மீறும் உரிமை நடுவருக்கு எப்போதும் உண்டு என்று எழுதினார். எல்லாம் சரியாகச் செய்தவரின் பாத்திரம் வெறும் துரதிர்ஷ்டத்தால் சாக நேர்ந்தால், மயங்கி விழுந்ததாகவோ ஒரு கை போனதாகவோ வைத்துக்கொள்ளலாம் என்றார். அட்டையும் அனுமதியும் ஒன்றுசேர, பொய் எண் சொல்வது வழக்கமாகிவிட்டது.

நம் வீட்டுத் தாயத்தை நினைத்துப் பாருங்கள். 0, 1, 2, 3 உள்ள இரண்டு பித்தளைக் கட்டைகளில் பதினாறு விதமாக விழலாம். அவற்றில் இரண்டுதான் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குழந்தை முகம் சுருங்கும். அப்போது பாட்டி, “சரி, குழந்தை அஞ்சு போட்டாலும் இறங்கட்டும்” என்பார். எல்லோர் காதிலும் விழச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். விழுந்த இரண்டைக் கையால் மூடித் தாயம் என்று சொன்னால் அந்தக் குழந்தையே அழுகுணி ஆட்டம் என்று கத்தும்.

பாட்டி செய்ததும் வெர்டி செய்ததும் எனக்குச் சம்மதம். இரக்கம் காட்ட நடுவருக்கு உரிமை வேண்டும், அதை மறைவில் காட்டக் கூடாது. உருட்டிய எண்ணை மாற்றினால், வீராங்கனையை வளர்த்த அந்தப் பெண்ணின் வெற்றியும் நடுவர் போட்ட பிச்சையாகிவிடுகிறது. அது தெரிய வரும் நாளில், அவள் முன்பு வென்ற சண்டைகள் மீதும் சந்தேகம் விழும்.

ஆட்டம் நடத்தும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: சாவு வேண்டாம் என்றால் ஆட்டம் தொடங்கும்போதே எல்லோரிடமும் பேசி விதியாக்குங்கள். எந்த முடிவை ஏற்க உங்களுக்கு மனமில்லையோ அதற்குப் பகடையைத் தொடாதீர்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அட்டையை வரைபடத்துக்கு வைத்துக்கொண்டு, பகடையை மேசை நடுவில் உருட்டுங்கள்.