கயிற்றில் கோத்த கனி

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் போன்ற பெருஞ்சந்தைகளுக்குக் கயிற்றில் கோத்த தட்டை வளையங்களாக வரும் உலர் அத்தி, காவிரிக் கரையில் காய்க்கும் நாட்டு அத்தியின் கனி அன்று. மேற்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட சீமை அத்தி என்னும் வேறோர் இனத்தின் கனியாகிய அது, பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து இறக்குமதியாவது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரிய அரசன் பிந்துசாரன், சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் முதலாம் அந்தியோக்கஸிடம் இன்மதுவும் உலர் அத்தியும் ஒரு தத்துவ ஆசிரியனும் வாங்கியனுப்புமாறு வேண்ட, முன்னிரண்டுக்கும் இசைந்த அம்மன்னன், ஆசிரியரை விற்பது கிரேக்கர் வழக்கமன்று என்று மறுத்ததாக அதேனேயஸ் என்ற கிரேக்க நூலாசிரியர் குறித்துள்ளார். பிந்துசாரன் உலர் அத்தியை மருந்தாகக் கேட்டதாகச் சான்றில்லை, நாவின் விருப்பமே காரணமாகலாம்.

தமிழகத்தின் பழைய மருத்துவ வழக்கு நாட்டு அத்தியைச் சார்ந்தது: ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நாற்பால் மரங்களுள் ஒன்றான அதன் துவர்ப்புப் பட்டை வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தப் பயன்பட, சீமை அத்தியோ அதற்கு நேர்மாறாக மலச்சிக்கலை இளக்குவதற்காக இரவில் நீரில் ஊறவைக்கப்பட்டுக் காலையில் உண்ணப்படுகிறது. நூறு கிராம் உலர் அத்தியில் ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்தும் 160 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் உள்ளன; அந்நார்ச்சத்தே இவ்வழக்கத்துக்கு அடிப்படை. ஆயினும் அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரையே என்பதை அன்றாடம் உண்ணச் சொல்வோர் பெரும்பாலும் கூறுவதில்லை.